கார்ப்பல் டனல் சத்திரசிகிச்சை: இப்போதா, அருவி வெட்டுக்குப் பிறகா?

மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டுக் கை விறைக்கும் கார்ப்பல் டனல் நோயோடு கிளினிக்குக்குப் போய், “இதற்கு ஒரு சின்னச் சத்திரசிகிச்சை செய்யலாம்” என்று வைத்தியர் சொன்ன பிறகு வீட்டில் நடக்கும் பேச்சு, செய்வதா விடுவதா என்பதைப் பற்றியதாக இருப்பது குறைவு. எப்போது செய்வது என்பதைப் பற்றியதாகவே பெரும்பாலும் இருக்கும். அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, முடியட்டும், பிள்ளையின் சோதினை முடியட்டும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போய், ஒரு வருடம் கழித்து அதே கிளினிக் கொப்பியுடன் அதே வாங்கில் வந்து அமர்ந்திருப்பவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உண்டு. இப்படித் தள்ளிப்போடுவது சிலருக்கு எந்தக் கெடுதலும் செய்வதில்லை. வேறு சிலருக்கோ அந்த ஒரு வருடம் பெருவிரலின் பலத்தை நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தாம் இந்த இரண்டு பகுதியினரில் எதில் நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மணிக்கட்டுப் பட்டியையும் ஊசியையும் கத்தியையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில், அடியில் சிறு எலும்புகளும் மேலே தடித்த இணைப்பு நாரும் சேர்ந்து ஒரு குறுகிய பாதையை அமைக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், அவற்றோடு நடு நரம்பும் அதற்குள்ளாகவே கைக்குப் போகின்றன. நாண்களைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கும்போது இடம் போதாமல் நெரிபடுவது நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை விறைப்பதும், அந்த நரம்பு போகாத சின்னவிரல் தப்பிவிடுவதும் அதனால்தான். சின்னவிரலும் சேர்ந்து விறைத்தால், அல்லது கழுத்திலிருந்து கை முழுவதும் இழுத்தால், கதை வேறாக இருக்கலாம். கழுத்து எலும்பு, முழங்கையில் நெரிபடும் இன்னொரு நரம்பு, நீண்டகால நீரிழிவு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். வன்னியில் இதனுடன் இன்னுமொன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. கழுத்திலோ கையிலோ பழைய ஷெல் துண்டு இருப்பவர்கள் அதை முதல் நாளிலேயே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நரம்பு மேலே எங்காவது காயப்பட்டிருந்தால் மணிக்கட்டில் வெட்டி ஆகப்போவது எதுவுமில்லை. எம்ஆர்ஐ ஸ்கானுக்கு எழுதும்போதும் உடலில் உலோகம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

நரம்பு ஒரே நாளில் கெடுவதில்லை. தொடக்கத்தில் இரவில் மட்டும் விறைக்கும். கையை உதறினால் போய்விடும். அடுத்த கட்டத்தில் மோட்டார் சைக்கிள் ஓடும்போதும், தொலைபேசியைக் காதில் பிடித்திருக்கும்போதும், தையல் மெஷினில் துணியைத் தள்ளும்போதும் பகலிலேயே வரும். ஆனாலும் வந்து வந்து போகும். இதற்குப் பின்னர்தான் பலர் பிழையாக விளங்கிக்கொள்ளும் கட்டம் வருகிறது. நோவு குறைகிறது, இரவு நித்திரையும் சீராகிறது, “இப்ப பரவாயில்லை” என்று கிளினிக்குக்குப் போவதை விட்டுவிடுகிறார்கள். அதே வேளையில் விரல் நுனிகள் எந்நேரமும் மரத்தே இருக்கின்றன, சட்டைப் பொத்தான் பூட்டுவது கடினமாகிறது, கையில் பிடித்த தேத்தண்ணிக் கோப்பை தெரியாமலே நழுவுகிறது. நோவைச் சொல்லும் நார்களே செயலிழந்துகொண்டிருப்பதால் வரும் அமைதி அது. அதைச் சுகமென்று எடுத்துக்கொள்வதைவிடப் பெரிய பிழை இந்த நோயில் இல்லை.

ஆகவே எப்போது என்ற கேள்விக்கு நோவின் அளவைக் கொண்டு பதில் தேடக் கூடாது. இரண்டு விடயங்களைப் பார்த்தால் போதும். காலையில் எழும்பி, கையை உதறி, முகம் கழுவிய பிறகும் விறைப்பு மிச்சமிருக்கிறதா என்பது ஒன்று. பெருவிரலின் பலம் மற்றையது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை மேசையில் வைத்து, பெருவிரலைக் கூரையை நோக்கி நேராக உயர்த்திப் பிடியுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் அதை ஒரு விரலால் உள்ளங்கைப் பக்கம் அழுத்திப் பார்க்கட்டும். நல்ல கை எதிர்த்து நிற்கும், கெட்டுப்போகும் கை உடனே சரியும். பிறகு இரண்டு கைகளையும் அருகருகே வைத்து, பெருவிரலின் அடியிலுள்ள சதைமேட்டை விளக்கு வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகவோ குழி விழுந்தோ தெரிந்தால், அந்தத் தசைக்குப் போகும் நரம்பு நார்கள் ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கின்றன என்று பொருள்.

விறைப்பு இன்னும் வந்து போகிறது, பெருவிரல் பலமாக இருக்கிறது என்றால் நேரம் நம் கையில் இருக்கிறது. அப்படியானவருக்கு முதல் தெரிவு இரவுப் பட்டிதான். இது நித்திரையில் மணிக்கட்டு மடங்காமல் பார்த்துக்கொள்வதால், பாதைக்குள் அழுத்தம் ஏறுவதில்லை. ஆனால் மருந்துக்கடையில் “கைப்பட்டி” என்று கேட்டால் தருவது பல வேளைகளில் வெறும் இறுக்கமான இலாஸ்ரிக் உறைதான். அது மணிக்கட்டை நிமிர்த்தி வைக்காது, இறுக்கத்தால் வீக்கத்தைக் கூட்டவும் கூடும். உள்ளங்கைப் பக்கத்தில் உலோகத் தகடு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். அந்தத் தகடும் பெரும்பாலும் கையைப் பின்பக்கம் வளைத்துப் பிடிக்கும்படியே வருவதால், அதைக் கழற்றி நேராக்கி மீண்டும் செருகிக்கொள்வது நல்லது. குறைந்தது ஆறு வாரங்கள் ஒவ்வொரு இரவும் போட வேண்டும். சித்திரை, வைகாசி வெக்கையில், அதுவும் மின்சாரம் நின்ற இரவில், இதைப் போட்டுக்கொண்டு படுப்பது இலேசல்ல என்பது உண்மைதான். அதற்காகக் கிழமைக்கு இரண்டு நாள் போட்டுவிட்டுப் பட்டி சரிவரவில்லை என்று சொல்வதும் நியாயமல்ல.

பட்டியையும் சத்திரசிகிச்சையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வொன்று 2002இல் வெளியானது. 176 பேரில் பாதிப்பேருக்குப் பட்டியும் மற்றவர்களுக்குச் சத்திரசிகிச்சையும் என்று பிரித்தார்கள். மூன்று மாதத்தில் சத்திரசிகிச்சைப் பக்கம் 80 வீதமானோருக்கும் பட்டிப் பக்கம் 54 வீதமானோருக்கும் குணம் கிடைத்தது. பதினெட்டு மாதத்தில் அது 90க்கு 75 என்றானது. ஆனால் அந்த 75ஐ அப்படியே பட்டியின் புண்ணியம் என்று எடுக்க முடியாது, ஏனெனில் அதற்குள் பட்டிப் பகுதியில் 41 வீதமானோர் சத்திரசிகிச்சையும் செய்துகொண்டிருந்தார்கள். இதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். பத்தில் நான்கு பேருக்குப் பட்டி ஒரு காத்திருப்பாக மட்டுமே முடிந்தது. பத்தில் ஆறு பேர் அந்த ஒன்றரை வருடத்தில் கத்தியின் பக்கமே போகவில்லை. இலேசான நிலையில் உள்ளவரை உடனே சத்திரசிகிச்சைக்கு விரட்டக் கூடாது என்பதற்கு இந்த இரண்டாவது வாசிப்பே எனக்குப் போதுமான காரணமாகப் படுகிறது.

ஸ்டீரொயிட் ஊசி பட்டியைவிட வேகமானது. இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்கள் பட்டி போட்டவர்களைவிடத் தெளிவாக நன்றாக இருந்தார்கள். ஆறாவது மாதத்தில் இரு பகுதியினருக்கும் வேறுபாடு இருக்கவில்லை. பட்டியால் குணமாகாதவர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த சுவீடன் ஆய்வு 2013இல் வெளிவந்தது. அதில் கூடிய அளவு மருந்து பெற்றவர்களில்கூட 73 வீதமானோர் ஒரு வருடத்துக்குள் சத்திரசிகிச்சைக்குப் போனார்கள். மருந்தில்லா ஊசி பெற்றவர்களில் அது 92 வீதம். பட்டியைத் தாண்டிப்போன கையில் ஊசி நோயைத் தீர்ப்பது குறைவு, பெரும்பாலும் காலத்தை மட்டுமே வாங்கித் தருகிறது என்று இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். ஆனால் காலத்தை வாங்குவது சின்ன விடயமல்ல. தை மாதத்தில் வெட்டை வைத்துக்கொண்டு மார்கழியில் கை தாங்க முடியாமல் வரும் விவசாயிக்கு, பெருவிரலின் பலம் குறையாதிருந்தால், ஊசியைப் போட்டுக்கொண்டு பங்குனிக்குச் சத்திரசிகிச்சைத் திகதி வாங்குவது நல்ல ஏற்பாடு. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாட்கள் சீனி ஏறும், ஆகவே அந்த நாட்களில் அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட திகதியைச் சத்திரசிகிச்சை செய்பவரிடம் மறைக்கவும் கூடாது. பலம் குறைந்துவிட்ட கையில் திரும்பத் திரும்ப ஊசி போட்டு நாளைக் கடத்துவது, கடனை அடைக்கக் கடன் வாங்குவது போன்றதுதான்.

எண்ணெய் தடவுவதையும் நொச்சி ஒத்தடத்தையும் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெயால் கேடில்லை, ஆனால் அது நரம்பை நெரிக்கும் அந்த இணைப்பு நாரைத் தளர்த்தப்போவதில்லை. சூட்டு ஒத்தடத்தில்தான் கவனம் வேண்டும். விறைத்த விரல் சூட்டை அறியாது, கொப்பளம் போட்ட பிறகுதான் கண் சொல்லும். பி விற்றமின் மாத்திரைகளும் அப்படித்தான், விற்றமின் குறைபாடு உள்ளவருக்கு அவசியமானவை, நெரிபட்ட நரம்பை விடுவிப்பவை அல்ல.

காத்திருப்பதே சரியான தெரிவாக அமையும் சிலரும் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் வரும் விறைப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவே தணிந்துவிடும். அதுவரை பட்டி போதும். தைரொயிட் சுரப்பு குறைந்தவர்களுக்கு அதற்கான மாத்திரை தொடங்கிய பிறகே கையைப் பற்றி யோசிக்கலாம். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு, காயம் ஆறுவதற்காகவேனும் சீனியைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லிச் சில வாரங்கள் தள்ளிவைப்பார்கள், அதில் நியாயமுண்டு. ஆனால் “எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறபடியால் வெட்டிப் பலனில்லை” என்று தாமாகவே முடிவெடுப்பவர்கள் தமக்கு அநியாயம் செய்கிறார்கள். நீரிழிவாளர்களும் இந்தச் சத்திரசிகிச்சையால் நல்ல பலன் பெறுகிறார்கள்.

இனி மறுபக்கம். விறைப்பு நாள் முழுவதும் நிற்கிறது, பெருவிரல் சரிகிறது, அல்லது நரம்பில் மின் சைகை எப்படிப் போகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை கடுமையான பாதிப்பைக் காட்டுகிறது என்றால், அதற்குப் பிறகு வெட்டும் விதைப்பும் கணக்கில் வராது. இறந்த நார் மீண்டும் வளரலாம், ஆனால் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் என்ற வேகத்தில்தான். தசையும் நீண்டகாலம் நரம்பில்லாமல் கிடந்தால் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் எழும்பாது. இந்தக் கட்டத்தில் செய்யும் சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் மிச்சமுள்ளதைக் காப்பாற்றுவது. விறைப்பு முழுவதும் போகாமலும் இருக்கலாம், சதைமேடு பழையபடி நிரம்பாமலும் இருக்கலாம். அதைச் செய்யும் முன்பே தெரிந்துகொள்ளாதவர்கள்தான் பின்னர் “வெட்டியும் சரிவரவில்லை” என்று ஊரெல்லாம் சொல்லி, வெட்டினால் சுகமாகக்கூடிய அயல்வீட்டாரையும் பயப்படுத்திவிடுகிறார்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டி வரலாம். அறிகுறிகள் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கும்போது அந்தத் திகதிக்காகவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேட்பதில் பிழையில்லை. இலேசான நோயில் அந்தப் பரிசோதனை சரியாகவே இருப்பதாகக் காட்டவும் கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சத்திரசிகிச்சை என்ற சொல் தரும் பயத்தின் அளவுக்கு வேலை பெரிதல்ல. கையை மட்டும் மரக்கச்செய்து, உள்ளங்கையின் அடியில் சிறு கீறலிட்டு, மணிக்கட்டின் அந்தத் தடித்த இணைப்பு நாரை நீளவாட்டில் வெட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம். குழாய்க் கமெரா மூலம் செய்யும் முறையில் வேலைக்குத் திரும்புவது சற்று முந்தும், ஆனால் நீண்டகாலப் பலன் இரண்டிலும் ஒன்றே. அந்த வசதியைத் தேடித் தூர ஊருக்குப் போய்க் கடன்படுவதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. தனியாரிடம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் முந்திய திகதியைத்தான். அரச வைத்தியசாலையில் செலவில்லை, வரிசை உண்டு. விறைப்பு நிலைத்துவிட்ட ஒருவருக்கு வரிசையில் பல மாதம் பின்னால் திகதி கிடைத்தால், தன் நிலையை எடுத்துச் சொல்லி முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்க வேண்டும், முடியாவிட்டால்தான் காசைப் பற்றி யோசிக்க வேண்டும். இலேசான நிலையில் உள்ளவர் அந்த வரிசையைத் தமக்குச் சாதகமாகவே பயன்படுத்தலாம்: இன்றே பெயரைப் பதிந்துவிட்டு, அதுவரை பட்டியைப் போட்டுப் பார்த்து, சுகமானால் திகதியை விட்டுக்கொடுக்கலாம்.

நேரம் கையில் உள்ளவர்கள் காலத்தைத் தெரிவுசெய்ய, பின்னால் வரும் வாரங்களை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். தையல் வெட்ட பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை காயம் நனையக் கூடாது. கிணற்றில் வாளி இழுப்பதும், வலது கையென்றால் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுவதும் இல்லை, கரண்டிதான். இலேசான வேலைகளை இரண்டு வாரத்தில் செய்ய முடியும். உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றினால் வரும் நோவு மூன்று மாதம், சிலருக்கு அதைவிடக் கூடவும், நீடிக்கும். பிடிபலமும் மூன்று மாதமளவில்தான் பழைய நிலைக்கு வரும். மண்வெட்டி, மருந்து அடிக்கும் கைப்பம்பு, லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தின் அதிரும் கைபிடி ஆகிய மூன்றும் அந்த ஊன்றும் இடத்தையே தேடி அழுத்துபவை. ஆகவே இரணைமடுக் குளத்தின் கீழோ வேறு குளங்களின் கீழோ காலபோகம் எனும் மாரிகால நெற்செய்கை மட்டும் செய்பவருக்குப் பங்குனிதான் பொருத்தமான மாதம்: மாசியோடு வெட்டு முடிகிறது, ஆனிக்குள் கை தேறுகிறது, புரட்டாதியில் அடுத்த உழவுக்கு முழுப்பலம் இருக்கும். சிறுபோகமும் செய்பவர் ஆவணி அறுவடைக்குப் பின் செய்யலாமென்றால், காலபோக வேலை தொடங்க ஒன்றரை, இரண்டு மாதமே மிஞ்சும். வரம்பு கட்டக் கூலிக்கு ஆள் பிடிக்க வழி இருந்தால் மட்டுமே அது சரிவரும். ஆறாத காயத்தோடு சேற்று நீரில் இறங்குவது எந்தப் போகத்திலும் கூடாது. கிருமி தொற்றும் என்பதோடு, வயல் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி உடலுக்குள் புகுவதும் இப்படியான காயங்கள் வழியாக நடக்கலாம்.

முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்பவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். வடகீழ்ப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் கார்த்திகை, மார்கழியில் படகு கரையில்தான் நிற்கும், ஆகவே அந்த மாரியில் செய்துகொள்வதே அவருக்கு இலாபம். ஆனால் கரையில் நிற்கும் அந்த மாதங்களில்தான் வலை பொத்தும் வேலையும் குவிந்திருக்கும் என்பதை வீட்டார் மறந்துவிடுகிறார்கள்; ஊசியைப் பிடித்து மணிக்கணக்கில் முடிச்சுப் போடுவது இந்தக் கைக்கு ஓய்வாகாது. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்குப் போகம் கிடையாது, விடுப்புத்தான் உண்டு. அவர்கள் வைத்தியச் சான்றிதழில் “விடுமுறை” என்பதோடு, திரும்பிய பிறகு சில வாரங்களுக்கு இலேசான வேலை தரவேண்டும் என்பதையும் எழுதுவித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தையல் வெட்டிய மறுநாளே பழைய மெஷினில், பழைய இலக்கோடு அமர வேண்டி வரும்.

எல்லோரையும்விடக் கடினமான முடிவு ஊன்றுகோலிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்பவர்களுடையது, இந்த மண்ணில் அவர்கள் கொஞ்சப் பேரல்லர். காலின் வேலையையும் கையே செய்வதால் நடு நரம்பு நெரிவு அவர்களிடம் அதிகம். சத்திரசிகிச்சைக்குப் பின் ஊன்ற முடியாத வாரங்களில் அவர்கள் இழப்பது கையை மட்டுமல்ல, நடமாட்டத்தையும்தான். இதனால் அவர்கள் முடிந்தவரை தள்ளிப்போடுகிறார்கள், அது இயல்பு. ஆனால் உணர்ச்சியற்ற கையோடு ஊன்றுகோல் பிடிப்பவர் விழுவதற்கும் வாய்ப்புண்டு. அவர்களுக்கு நான் முன்னர் சொன்ன ஒழுங்கைச் சற்று முன்னுக்கு இழுக்க வேண்டும்: பலம் குறையத் தொடங்கும்வரை காத்திராமல், பட்டி ஒரு மாதத்தில் உதவவில்லை என்றாலே பேசத் தொடங்க வேண்டும். திகதி எடுக்கும் முன்பே, முன்னங்கையால் தாங்கி நடக்கும் வகை ஊன்றுகோலுக்கும், கட்டிலிலிருந்து தூக்கிவிட ஒருவருக்கும் ஏற்பாடு செய்துவிட்டால், அந்த ஆறேழு வாரத்தைக் கடக்கலாம்.

இரண்டு கையிலும் இருப்பவர்கள் ஒரே நாளில் இரண்டையும் செய்துவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று கேட்பதுண்டு. உண்ண ஒரு கையும் கழுவ ஒரு கையும் என்று வாழும் நமக்கு அது சரிவராது. மோசமான கையை முதலில் செய்து, அது தன்வேலையைத் தானே பார்க்கும் நிலைக்கு வந்த பிறகு, பொதுவாக ஆறு வாரமோ அதற்கு மேலோ கழித்து, மற்றதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு கைக்கு ஓய்வு கொடுத்த காலத்தில் மற்றக் கையின் விறைப்பு கூடுமென்பதால், அந்த ஆறு வாரமும் இரவில் மற்றக் கைக்குப் பட்டி போட்டே படுக்க வேண்டும்.